ஆறு பேனலும் ஒரு ஆடி மாதமும்

சும்மா இருக்கும் பொருளைக் கண்டால் எனக்கு ஆகாது. நூற்பாலைக் கணக்குப் பிரிவில் ஆயுளைக் கழித்தவனுக்கு வேறு புத்தி வருமா? ஓடாத கதிருக்கும் வட்டி உண்டு, தேய்மானம் உண்டு என்று பேரேட்டில் எழுதி எழுதியே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்றதும் ஆலை கைவிட்டுப் போயிற்று, பழக்கம் போகவில்லை. வீட்டைக் கணக்கெடுக்க ஆரம்பித்தேன். பரண்மேல் கிடக்கும் தையல் மெஷின், மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுச்சென்ற வீணை, தீபாவளிக்கு மட்டும் அடுப்பேறும் முறுக்குச் சட்டி என்று 'முடங்கிய முதலீடு'களுக்கு ஒரு பட்டியல் போட்டேன். மனைவி அதை வாங்கிப் படித்துப் பார்த்தாள். "முக்கியமான ஒரு பேரு விட்டுப்போச்சுங்களே" என்றாள். எந்தப் பேர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்பேர்ப்பட்டவன் வீட்டு மொட்டை மாடியில், இரண்டு லட்சத்தை ஒட்டிய சரக்கு ஓர் ஆடி மாதம் முழுக்க வெயில் காய்ந்துகொண்டு சும்மா கிடந்தது.

ஊர் உடுமலைப்பேட்டை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டுக் கூரைகளுக்கான சூரிய மின்சாரத் திட்டத்தை அறிவித்து, மூன்று கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்றதிலிருந்தே எனக்குத் தூக்கம் போய்விட்டது. கூட்டிக் கழித்துப் பெருக்கி, கடைசியில் 540 வாட் பேனல் ஆறு வாங்கினேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபத்தெட்டு கிலோ கனம், ஏழரை அடி நீளம். "எத்தனை அடி?" என்று அம்மா கேட்டபோது நான் யோசிக்காமல் "ஏழரை" என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் அப்போதே மாறிற்று.

ஆனி கடைசி நாள் சாயங்காலம் வேலை முடிந்தது. சட்டம் நட்டாயிற்று, பேனல் ஏறியாயிற்று, சுவரில் இன்வெர்ட்டர், வாசலில் புது மீட்டர். மாடியிலிருந்து இறங்கும் ஒயரை இன்வெர்ட்டரில் செருகி சுவிட்சைப் போடுவது ஒன்றுதான் பாக்கி. குறை சொல்ல யாரும் இல்லை. எல்லாரும் அவரவர் வேலையை நேரத்துக்கு முடித்திருந்தார்கள். குறுக்கே வந்தது பஞ்சாங்கம். அதைக் கையில் பிடித்திருந்தது அம்மா.

"இருட்டிப் போச்சு. விடிஞ்சா ஆடி. ஆடியில புதுசா எதையும் சேத்தக் கூடாது சாமி."

"அம்மா, இது ஒயரும்மா."

"ஒயரா இருந்தா என்ன? தாலி கட்டுன புள்ளையவே பிரிச்சுப் பொறந்த ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போற மாசம். நீ என்னமோ ஒயரைச் சேத்தறேங்கற."

எண்பத்து நான்கு வயசு. அதற்கு மேல் பேச முடியாது. வயரிங் தம்பி ஏற்கெனவே ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் வீட்டிலும் ஓர் அம்மா இருப்பாள் போலிருக்கிறது. தொங்கிய ஒயர் முனைகளுக்கு ரப்பர் மூடி போட்டு, "இதை மட்டும் கழட்டீராதீங்க சார், மழைத்தண்ணியும் எறும்பும் உள்ள போனா அப்பறம் கனெக்டரு துருப்பிடிச்சு வீணாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில், மேல்மாடியிலும் கீழ்ச்சுவரிலுமாக, ஆவணி வரை பிரிந்திருப்பது என்று முடிவாயிற்று.

அன்றிரவே கணக்குப் புத்தி வேலையைக் காட்டிற்று. நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும் என்பார்கள். அப்படியானால் மூன்று கிலோவாட்டுக்குப் பன்னிரண்டு. ஆடியில் மேகமும் சாரலும் உண்டு, கொஞ்சம் தள்ளுபடி கொடுப்போம். மீதி யூனிட்டெல்லாம் எங்கே போகும்? பேனலுக்குள்ளேயே தங்குமா? தங்கினால் எத்தனை நாள் தாங்கும்? வழிந்தால் எந்த வழியாக வழியும்? படுக்கையில் புரண்டு புரண்டு கேட்டதில் மனைவி எழுந்து ஹாலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

எரிகிற தீயில் எண்ணெய் விட்டவன் மச்சினன். எங்கள் ஊரைச் சுற்றிலும் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நேராக எங்கள் தலையில்தான் இறங்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊர்க்காரர்களுக்குப் பழமொழி. எங்களுக்கு வானிலை அறிக்கை. மச்சினனின் காட்டை ஒட்டி நாலைந்து காற்றாலைகள் நிற்பதால் அந்த விஷயத்தில் அவன் நிபுணன் என்பது அவனுடைய கொள்கை.

"மாமா, காத்தாடிய லோடில்லாம உட்டா என்ன ஆகும் தெரியுங்களா? தலைதெறிக்கச் சுத்தி றெக்கையே பிச்சுக்கிட்டுப் போயிரும். அதுக்குத்தான் பிரேக்கு வச்சிருக்கறாங்க. உங்க பேனலுக்குப் பிரேக்கு எங்கீங்க?"

காற்றாலையைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரிதான். எனக்கோ, மாடியில் ஆறு பேனல், பிரேக் இல்லாமல், வெயிலுக்கு நேராக. பொழுது விடிவதற்குள் வயரிங் தம்பிக்கு போன் போட்டேன்.

அவன் மல்டிமீட்டரோடு வந்தான். மச்சினனின் கேள்வியை நான் என் கேள்வியாகவே கேட்டேன். "இதுல எதுங்க சார் சுத்துது, பிரேக் போடறதுக்கு?" என்றான். பிறகு பொறுமையாக விளக்கினான். நான் அவனிடம் கேட்டதையும், பிற்பாடு புத்தகத்தைப் புரட்டி உறுதிப்படுத்திக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சிலிக்கான்மேல் வெயில் பட்டால் எலக்ட்ரான்கள் தம் இடத்தை விட்டுக் கிளம்புகின்றன. வெளியே பாதை இருந்தால் ஒயர் வழியாகப் போய், விசிறியைச் சுற்றி, மிக்ஸியை ஓட்டி, மறுமுனை வழியாகத் திரும்பி வருகின்றன. பாதை இல்லையென்றால் பேனலின் இரு முனைகளுக்கும் நடுவே வோல்ட்டேஜ் ஏறுகிறது. ஏறிக்கொண்டே போகாது, அதற்கு ஓர் உச்சி உண்டு. என் பேனலுக்கு அது ஐம்பது வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே. அந்த உச்சியில், வெயில் எத்தனை எலக்ட்ரானைக் கிளப்புகிறதோ அத்தனையும் பேனலுக்குள்ளேயே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. திரும்பும்போது விடுகிற ஆற்றலெல்லாம் சூடாகிறது. துளியூண்டு மட்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாக வெளியே போகிறது. அவ்வளவுதான். வெடிப்பதும் இல்லை, வழிவதும் இல்லை.

"அப்ப அந்தப் பன்னண்டு யூனிட்டு?"

"எந்தப் பன்னண்டு யூனிட்டுங்க சார்? உண்டானாத்தானுங்களே போறதுக்கு?"

இந்த பதில்தான் என்னை நிலைகுலைய வைத்தது. நட்டம் என்றால் எழுதிவிட்டு அழலாம். இருப்பு என்றால் எண்ணிப் பார்த்து மகிழலாம். உற்பத்தியே ஆகாத சரக்கை எந்தத் தலைப்பில் எழுதுவது? இத்தனை வருஷச் சர்வீஸில் இப்படி ஒரு பற்றுச்சீட்டு என் மேஜைக்கு வந்ததில்லை.

காலை ஒன்பது மணிக்கு ஒயர் முனையில் அளந்து பார்த்தான். வரிசையாகக் கோத்த ஆறு பேனலுக்கும் சேர்த்து 280ஐ ஒட்டிக் காட்டியது. உச்சிவேளையில் எப்படியும் முந்நூறைத் தாண்டும் என்று அவனுக்கு மோரும் பொரியும் கொடுத்து உட்கார வைத்தேன். பன்னிரண்டரைக்குப் பார்த்தால் 270தான். எனக்குப் பகீரென்றது. "அதுக்குள்ள பத்து வோல்ட்டு போச்சா?" என்றேன். ஒன்றும் போகவில்லையாம். பேனல் சூடாகச் சூடாக வோல்ட்டேஜ் இறங்கும், ஒரு டிகிரிக்குக் கால் சதவீதத்துக்குச் சற்று மேலே. இளவெயிலிலும் குளிர்காற்றிலும்தான் அதற்கு உற்சாகம். நம் ஊர்ச் சூரியனுக்காகவே வாங்கிய பொருளுக்கு நம் ஊர்ச் சூடு ஆகாது என்பதை விற்கும்போது யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு ஓர் எச்சரிக்கை விட்டான். பகலில் இந்தப் பேனலை அணைக்கச் சுவிட்ச் கிடையாது. சூரியன் எழுந்தால் இதுவும் எழுந்துகொள்ளும். வீட்டு ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போவதால், பொறி கிளம்பினாலும் அணைய வழியுண்டு. இந்த டி.சி.க்கு அந்தப் பேச்சே இல்லை. கரன்ட் ஓடும்போது பிளக்கைப் பிடுங்கினால் கிளம்புகிற பொறி நின்று எரியும். "இப்ப கரன்ட் ஓடலீங்க. ஆனா அந்த ரெண்டு முனையையும் நீங்க தொட்டீங்கன்னா, லோடு நீங்கதானுங்க சார்." அதுவரை வீட்டுக்கு மட்டும்தான் நான் லோடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் 'சூடு' என்ற சொல் மனசில் தங்கிவிட்டது. என் பேனலின் திறன் நூற்றுக்கு இருபத்தொன்று. அதாவது இணைத்திருந்தால் விழுகிற வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமாக இறங்கிப் போயிருக்கும். இணைக்காததால் அந்தப் பங்கும் சூடாகப் பேனலிலேயே தங்குகிறது. வேலை செய்யும் பேனலைவிடச் சும்மா இருக்கும் பேனல் சில டிகிரி கூடுதலாகக் காய்கிறது. அந்தச் சில டிகிரியால் அதற்கு ஒன்றும் ஆகாது. எண்பது டிகிரிக்கு மேலும் தாங்கும்படி செய்த பொருள் அது. அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கடைக்குப் போய் நீலத் தார்ப்பாய் வாங்கிவந்து ஆறு பேனலையும் போர்த்திக் கட்டினேன்.

உடுமலையில், ஆடியில், மாடியில், தார்ப்பாய். அன்று மாலையே அது பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தில் ஏறிவிட்டது. பேனலை இம்மிகூட அசைக்க முடியவில்லை காற்றால். விவரச்சீட்டில் 2400 பாஸ்கல் காற்றழுத்தம் தாங்கும் என்றும், 5400 பாஸ்கல் பனிப்பொழிவுச் சுமை தாங்கும் என்றும் போட்டிருந்தார்கள். உடுமலையில் பனி கொட்டினாலும் எனக்குக் கவலையில்லை. தார்ப்பாய்க்கு அப்படி ஒரு சீட்டும் இல்லை. தேங்காய் போடுகிறவர் ஆவணியில்தான் வருவார் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லிவிட்டார். தெருவில் போகிறவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்து எந்தக் கட்சிக் கொடி என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

அடுத்து காக்கை. பேனலில் எச்சம் விழுந்தால் அந்த இடம் மட்டும் சூடேறிப் பொசுங்கும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். கையில் கம்போடு வெயிலில் நின்றேன். பிறகுதான் தெரிந்தது, அது இணைத்த பேனலுக்கு வருகிற நோய். மற்ற செல்களெல்லாம் கரன்ட்டைத் தள்ள, நிழல் விழுந்த செல் வழிமறிக்கும்போதுதான் அந்த இடம் பொசுங்கும். அதைத் தடுக்கவும் பேனலுக்குப் பின்னால் மாற்றுவழி டயோடுகள் வைத்திருக்கிறார்கள். கரன்ட்டே ஓடாத பேனலில் காக்கை என்ன செய்தாலும் கறை மட்டும்தான். கம்பைக் கீழே போட்டேன். காக்கைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இன்னும் தாராளமாக வந்தது.

நான் மாடிக்கு ஏறி இறங்கியதில் ஒரு விஷயம் மட்டும் கண்ணில் பட்டது. ஆடி உச்சிவேளையில் என் நிழல் தெற்கே விழுந்தது. எங்கள் ஊர் பதினோரு டிகிரி வடக்கு அட்சத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஆடி முடிகிற வரைக்கும் நடுப்பகல் சூரியன் எங்கள் தலைக்குச் சற்று வடக்கேதான் நிற்கிறது. பேனலோ முறைப்படி தெற்கே பார்த்துச் சாய்ந்திருக்கிறது. வருஷக் கணக்கில் அதுதான் லாபம். இருந்தாலும் ஒருத்தர் தெற்கே பார்க்க, ஒருத்தர் வடக்கே நிற்க, ஆடி முழுக்க முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதை அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். "நாஞ் சொன்னப்ப சிரிச்சியே!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

இத்தனை நாளும் மனைவி வாயைத் திறக்கவில்லை. வெயில் விழுகிற மாடியை அடைத்துவிட்டேன் என்று அவளுக்கு என்மேல் பழைய வருத்தம் ஒன்று உண்டு. ஒரு நாள் சாரல் விட்டு நல்ல வெயில் அடித்தது. மாடிக்குப் போனேன். தெற்கு ஓரத்துப் பேனல் இரண்டிலும், இடுப்பு உயரத்தில், பழைய சேலையை விரித்து நான்கு மூலையிலும் சட்டத்தோடு இழுத்துக் கட்டி, அதன்மேல் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

"என்னம்மணி இது?"

"சும்மாதானுங்களே கெடக்குது. நீங்கதான் சொன்னீங்க, அத்தனையும் சூடாத்தான் போகுதுன்னு. போற சூடு மொளகாயில போகட்டுமே."

பதில் இல்லை என்னிடம். கண்ணாடியில் உள்ளங்கையை வைக்க முடியவில்லை. தரையில் மூன்று நாள் காய்கிற மிளகாய் அங்கே சீக்கிரமே சலசலவென்று ஆகிவிட்டது. அன்று இரவு பேரேட்டை எடுத்தேன். சூரிய மின்சாரம் என்ற தலைப்பின் கீழ், பற்றுப் பக்கம் ரூபாய் கணக்கெல்லாம் பத்தி பத்தியாக நின்றது. வரவுப் பக்கத்தில் முதல் பதிவு: மோர்மிளகாய், ஒன்றரைப் படி. இணைக்காத பேனலிலிருந்து முறையாக வருமானம் பார்த்தது இந்த வட்டாரத்தில் எங்கள் வீடாகத்தான் இருக்கும். அந்த வருமானத்தில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

அதற்குப் பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சும்மா இருப்பதாலேயே நாள்பட ஏதாவது கெட்டுப்போகுமா? சிலவகைப் புதுப் பேனல்கள் முதல் முதலாக வெயில் படும்போது ஒன்றிரண்டு சதவீதம் திறன் இறங்கும் என்று படித்தேன். ஆகா, கடைசியில் ஒரு தேய்மானம் கிடைத்துவிட்டது என்று பேனாவைத் திறந்தால், அது இணைத்தாலும் உண்டு, இணைக்காவிட்டாலும் உண்டு என்று அடுத்த வரியிலேயே இருந்தது. பேனாவை மூடினேன். மேலே தேடிக்கொண்டு போனதில் ஒரு செயற்கைக்கோள் அகப்பட்டது.

அமெச்சூர் வானொலிக்காரர்கள் 1974 நவம்பரில் விண்ணுக்கு அனுப்பிய ஆஸ்கர் 7. 1981இல் அதன் பேட்டரி பழுதாகி உள்ளுக்குள் ஷார்ட் ஆயிற்று. பேனல் தருகிற கரன்ட் அத்தனையையும் செத்த பேட்டரி விழுங்கிக்கொண்டது; கோள் ஊமையாயிற்று. எல்லாரும் கைகழுவிவிட்டார்கள். 2002 ஜூனில் ஒரு நாள் திடீரென்று அதன் குரல் மறுபடி கேட்டது. ஷார்ட் ஆன பேட்டரி காலப்போக்கில் அறுந்து விலகிக்கொள்ள, பேனலின் கரன்ட் நேராக வானொலிக்குப் போய்விட்டது. வெயில் படும்போது பேசும், பூமியின் நிழலுக்குள் போனால் வாய் மூடும். இருபத்தோரு வருஷம், காற்றும் மேகமும் மறைக்காத பச்சை வெயிலில், வீட்டுக்கு ஒரு காசு சம்பாதிக்காமல் கிடந்த பேனல்கள் அவை!

இதைப் படித்துவிட்டு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கூடத்துக்கு ஓடி அம்மாவிடம் கதையாகச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள்.

"எத்தன வருசம்?"

"இருபத்தொண்ணும்மா."

"ஆகாசத்துல இருக்கறது இருபத்தோரு வருசம் பொறுத்துச்சு. நீ ஒரு ஆடி பொறுக்க மாட்டீங்கற."

ஆவணி பிறந்தது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று அம்மா புதன்கிழமை குறித்தாள். காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை நல்ல நேரம். இன்வெர்ட்டருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. வயரிங் தம்பி முன்னாலேயே வந்து சுவிட்சை அணைத்து வைத்தபடி ஒயர்களைச் செருகிவிட்டான். மச்சினன் குடும்பத்தோடு வந்திருந்தான், பிரேக் எங்கே என்று பார்க்க. பக்கத்து வீட்டு அண்ணன் தார்ப்பாயை மடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒன்பது மணிக்குத் தெருவில் கரன்ட் போயிற்று. மாதாந்திரப் பராமரிப்பு. பேப்பரில் போட்டிருந்தார்களாம், அன்றைக்கு வீட்டில் எல்லாரும் பஞ்சாங்கம்தான் பார்த்தோம்.

"போனா என்ன?" என்றேன் கம்பீரமாக. "நமக்குத்தான் மாடியில மூணு கிலோவாட் இருக்குதே. போடு தம்பி."

அவன் தயங்கினான். அம்மா கற்பூரம் காட்ட, சுவிட்சைப் போட்டான். திரையில் வெளிச்சம் வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். விசிறி மட்டும் சுற்றவில்லை.

விஷயம் இதுதான். தெருக் கம்பியில் மின்சாரம் இருந்தால்தான் இந்த வகை இன்வெர்ட்டர் வேலை செய்யும். கம்பி செத்திருக்கும்போது இது பாட்டுக்கு மாடியிலிருந்து கரன்ட்டைத் தெருவுக்கு அனுப்பினால், போஸ்டில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேனின் கதி என்னாவது? அதனால் தெருவில் கரன்ட் நின்ற கணமே தானும் நின்றுகொள்ளும். பேட்டரி வைத்த வகை வேறு, அதன் விலையும் வேறு. ஆகவே இனிமேல் கரன்ட் போகும்போதெல்லாம் என் ஆறு பேனலும் ஆடி மாதத்தில் இருந்த அதே நிலைக்குத் திரும்பி, கொளுத்துகிற வெயிலில் கால் நீட்டிச் சும்மா இருக்கும்.

"கரன்ட் போனா நம்முளுது எரியும்னு சொன்னீங்க?" என்றாள் மனைவி, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே.

"நான் எப்பச் சொன்னேன்?"

"இல்லைன்னும் சொல்லலீங்களே."

நல்ல நேரம் போய்விட்டது. குளிகை போயிற்று. வந்தவர்களுக்கு இலை போட்டோம். தயிர்சாதத்துக்கு மோர்மிளகாயைத் தாராளமாகவே வைத்தாள், பேனலில் காய்ந்தது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி. மச்சினன் நாலாவது மிளகாயைக் கடித்துக்கொண்டு, "பரவால்லீங்க மாமா, ஏதோ ஒண்ணுக்கு ஆகுது" என்றான்.

ஒன்றே காலைத் தாண்டி பத்து நிமிஷம் ஆனபோது கூடத்து விசிறி அசைந்தது. தெருவில் கரன்ட் வந்துவிட்டது. நான் எச்சில் கையோடு இன்வெர்ட்டரிடம் ஓடினேன். திரையில் முந்நூறிலிருந்து எண்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. 298, 297, 296.

"இன்னும் என்ன தம்பி?"

"கரன்ட் நிலையா நிக்குதான்னு அஞ்சு நிமிசம் பாத்துட்டுத்தான் சேருமுங்க சார். அப்படித்தான் செட் பண்ணியிருக்குது."

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். புதன்கிழமை ராகுகாலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை.

"பாத்தியா சாமி, ராகுகாலம் போவட்டும்னு அதுவே நிக்குது. நீதான் பறக்கற."